நாலுவழிச் சாலை ஓரம் மனை வாங்கின மருமவனுக்கு

மருமவனே, நீ வாங்கின மனை நல்ல மனைதான். அதுல குத்தம் சொல்ல எனக்கு நாக்கு வராது. காசுமீரத்துல கெளம்பிக் கன்னியாகுமரியில வந்து முடியிற ரோடு ஒன் வாசப்படியத் தொட்டுக்கிட்டுல்லா போவுது! உள்ள தள்ளிக் கெடந்த மனைய விட சென்டுக்கு எவ்வளவு கூடக் குடுத்தேன்னு நாங்குநேரியில இருந்து வள்ளியூரு வரைக்கும் ஒரு ஆள் விடாம சொல்லிட்டு அலைஞ்ச. "ரோட்டு மேலயே மாமா, ரோட்டு மேலயே"ன்னு ஒனக்கு வாயெல்லாம் பல்லு. இப்ப பால் காய்ச்சின அடுப்பு ஆறல, ராத்திரி கண்ண மூட முடியல, லாரிக்காரன் தலைமாட்டுல ஓட்டுதான்னு என்கிட்ட வந்து மூக்கச் சிந்துத. எய்யா, கூடக் குடுத்த துட்டுக்கு வித்தவன் ரோட்டத் தந்துட்டான். லாரிய மட்டும் அவன் வீட்டுலயா கட்டி வச்சுக்கிட முடியும்?

சரி, அந்த ரோட்டுல நீ ஒருத்தன் மட்டுமா இருக்க? வாசல்ல எறங்கி அப்படியே வடக்க பாத்து நட. மொதல்ல பஞ்சர் கடை. அவனுக்கு எந்தச் சத்தமும் கேக்காது. டயர் வெடிக்கிற சத்தம் மட்டும் ரெண்டு பர்லாங்குக்கு அங்கன இருந்தே கேட்டுரும்; கேட்டதும் மூஞ்சியில ஒரு களை வரும் பாரு. அடுத்தால அண்ணாச்சி டீக்கடை. ஏர் ஆரன் அடிச்சா வண்டி ஓரங்கட்டப் போவுதுன்னு அவருக்கு அர்த்தம். கை தானாப் பாய்லர் பக்கம் போயிரும். கொஞ்சம் தள்ளி ரிட்டையர்டு வாத்தியார் வீடு. ரெண்டு பக்கமும் புளியமரம் நின்ன காலத்துல கட்டினது. மரத்த வெட்டி ரோட்ட அகலப்படுத்தினதுல இருந்து அவரு ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டு ஆரன எண்ணி எழுதிக்கிட்டு இருக்காரு. நோட்டு தீந்து தீந்து வாங்குதாரு.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் காலனி. அங்க உள்ள தாய்மாருக்குச் சத்தமெல்லாம் ரெண்டாம் பட்சம். பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு நாலு தடத்தையும் தாண்டி அனுப்பணும்லா? லாரி உறுமிக்கிட்டு வந்தா பிள்ளை நின்னு பாத்துக் கடக்கும். சத்தமே இல்லாமப் பக்கத்துல வந்து நிக்கிற பேட்டரிக் காரத்தான் அவிய ஏசுதாவ. ஐரோப்பாக்காரன் இதுக்குப் பயந்துதான், மெதுவாப் போற பேட்டரிக் காரு செயற்கையாச் சத்தம் போட்டே ஆகணும்னு 2019ல இருந்து சட்டம் வச்சிருக்கான். நீ சத்தத்த ஒழிக்கணும்ங்க, அவன் துட்டு போட்டு சத்தம் வாங்குதான். இத எங்கன போய்ச் சொல்ல!

போன கோடையில காலேசுப் பயலுவ ரெண்டு பேரு வந்தானுவ, ஒனக்குத் தெரியாது. ஒருத்தன் கையில சத்தம் அளக்கிற கருவி, இன்னொருத்தன் கையில தாளு. "தாத்தா, கடந்த 12 மாசத்த நெனச்சுப் பாருங்க. வீட்டுல இருக்கும்போது ரோட்டுச் சத்தம் ஒங்களுக்கு எவ்வளவு தொந்தரவா இருந்துச்சு? சைபர்ல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னான். ஒங்க அத்தை என்னைய எவ்வளவு தொந்தரவு பண்ணினான்னு நம்பர்ல கேட்டிருந்தா ஒடனே சொல்லிருப்பேன். ரோட்டுக்கு யோசிக்க வேண்டியதாப் போச்சு. வாத்தியாரு பத்துன்னாரு, பதினொண்ணு போட எடமில்லையான்னும் கேட்டாரு. அண்ணாச்சி ஒண்ணுன்னாரு. ரோட்டோரம் பனையோலைப் பந்தல் போட்டு நொங்கு விக்காளே, எனக்கு மதினி முறை, அவ சைபருன்னுட்டா. "லாரி போச்சுன்னா நொங்கு போவும். லாரி நின்னாத்தாம்யா எனக்கு ஒறக்கம் வராது"ன்னா. பய அதையும் பவ்வியமா எழுதிக்கிட்டான்.

இது நம்ம பய சொந்த மூளையில கேட்ட கேள்வின்னு நெனச்சிராத. ஒலகத்துல உள்ள சத்த ஆராய்ச்சிக்காரவ எல்லாரும் கூடி, ஒம்பது மொழியில ஒத்துப் பாத்து, 2001ல வெளியிட்ட கேள்வி அது. 2003ல ஐ.எஸ்.ஓ. முத்திரையும் குத்தியாச்சு. ஒலகம் பூராவும் ஒரே மாதிரி கேட்டாத்தான எந்த ஊருக்காரனுக்கு எரிச்சல் கூடன்னு ஒத்துப் பாக்க முடியும்? எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. என் பேத்தி பாளையங்கோட்டையில படிக்கா. அவ வாசிச்சுச் சொல்லச் சொல்ல நான் திண்ணையில படுத்துக்கிட்டே கேட்டது.

அவ சொன்னதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஒரு சங்கதி. 1978ல அமெரிக்காவுல ஷுல்ட்ஸ்னு ஒருத்தரு, அதுவரைக்கும் பல ஊருல கேட்ட கணக்கையெல்லாம் ஒண்ணாச் சேத்து ஒரு வளைகோடு போட்டாரு. சத்தம் இவ்வளவு ஏறினா, நூத்துக்கு இத்தனை பேருக்கு எரிச்சல் தலைக்கு ஏறும்னு. கோடு என்னமோ அழகாத்தான் இருந்துச்சு. ஆனா ஊருக ஒண்ணும் கோட்டுல வந்து நிக்கல. மேலயும் கீழயும் சிதறிக் கெடந்துச்சு. ஒரே டெசிபெலுக்கு ஒரு ஊருக்காரன் கொட்டாவி விடுதான், இன்னொரு ஊருக்காரன் வக்கீல் வைக்கான். பெறவு வந்தவிய, சரி, ஊருக்கு ஊரு பொறுமைக்கே ஒரு டெசிபெல் கணக்கு வச்சிருவோம்னு 2011ல அதையும் சூத்திரமா எழுதிட்டாவ. சத்தத்த அளக்கப் போனவன் கடைசியில மனுசனோட பொறுமைய அளந்துட்டு வந்தான்.

வியட்நாமுல ஹனோய், ஹோ சி மின் நகரம்னு ரெண்டு ஊரு இருக்கு. மோட்டார் சைக்கிளு மழைக்காலத்து ஈசல்தான். ஆரன எடுத்தா கைய எடுக்க மாட்டான். ஜப்பான்காரரு ஒருத்தரு அங்க உள்ளவிய கூடச் சேந்து வீடு வீடாப் போயிக் கேட்டாரு. அதே அளவு சத்தத்துக்கு ஐரோப்பாக்காரனுக்கு வார எரிச்சல் அங்க வரல, கம்மியாத்தான் வந்துச்சு. ரயிலுக்கும் இப்படித்தான் கூத்து. ஐரோப்பாவுல ரயிலு சத்தம் ரோட்டுச் சத்தத்த விட மனசுக்கு எதம்னு கணக்கு சொல்லுச்சு. ஜெர்மனிக்காரன் அத நம்பி ரயிலுக்கு 5 டெசிபெல் சலுகையே குடுத்து வச்சிருந்தான். புதுசாப் போடுத தண்டவாளத்துக்கு அந்தச் சலுகை இல்லைன்னு 2015லதான் எடுத்தான். அதே கேள்விய ஜப்பானுல போயிக் கேட்டா, ரயிலு ஒண்ணும் எதமா இல்ல, போங்கய்யான்னுட்டாவ. நம்ம நாகர்கோவில் ரயிலுக்கு நான் என்ன நம்பர் குடுப்பேன்னு கேக்கியா? அதுல ஒங்க அம்ம பொறந்த வீட்டுக்கு வருவா. அதனால சைபரு.

இப்ப ஆல்ப்ஸ் மலைக்கு வா. ஆஸ்திரியாவுல டிரோல்னு ஒரு சீமை. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் நடுவுல பிரென்னர் கணவாய் வழியா நெடுஞ்சாலை போவுது. அந்தப் பள்ளத்தாக்குல சத்தம் மேல சரிவுக்கு ஏறிரும். ரோட்ட விட்டு ஒசரத்துல ஒதுங்கி வீடு கட்டினவனுக்கும் லாரி வீட்டுக்குள்ளதான். சத்தமும் பொகையும் பொறுக்க முடியாம 1998 ஜூன் மாசம் அந்தச் சீமைக்காரவ முன்கூட்டியே தகவல் சொல்லி, சர்க்காரு தடுக்காம விட, நெடுஞ்சாலைய ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு மேல அடைச்சுப் போட்டாவ. லாரி எல்லாம் வரிசையா நின்னுச்சு. ஒரு லாரிக் கம்பெனிக்காரன், சரக்குப் போக வழி விடாம மறிக்க விட்டது குத்தம்னு ஆஸ்திரியா சர்க்காரு மேலயே வழக்குப் போட்டான். ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சரக்குப் போறதும் உரிமைதான், சனங்க கூடிச் சத்தம் போடுததும் உரிமைதான், சர்க்காரு மறிக்க விட்டதுல தப்பில்லைன்னு 2003ல தீர்ப்பு. ராத்திரி லாரிக்கு அங்க தடையும் இருக்கு.

ஹனோய்க்காரன் காதும் டிரோல்காரன் காதும் சாமி ஒரே அச்சுல வாத்ததுதான். பெறவு எங்கன வித்தியாசம்? டிரோல்காரன் கத்தினா கேக்க ஆளு இருக்கு. ரோட்ட அடைச்சா போலீசு பந்தோபஸ்து குடுக்கும், கோர்ட்டு ஞாயம் கேக்கும். கேக்க ஆளு இருக்கவனுக்குத்தான் எரிச்சல் நல்லா வெளையும். இது எந்த ஆராய்ச்சித் தாளுலயும் இருக்கான்னு தேடாத, இது ஒன் மாமன் கணக்கு.

துட்டும் காத அடைக்கும், அதுக்கு மட்டும் ஆராய்ச்சி சாட்சி இருக்கு. நெதர்லாந்துல காத்தாடி மின்சாரம் எடுக்க எடத்துல போயிக் கேட்டாவ. காத்தாடியில பங்கு உள்ளவன் வீடுதான் அதுக்குப் பக்கத்துல, சத்தமும் அவனுக்குத்தான் கூட. ஆனா எரிச்சல் ஏறக்குறைய இல்ல. தள்ளி இருக்க, துட்டு வராதவனுக்குத்தான் அது காத அறுத்துச்சு. நீ முப்பந்தல் பக்கம் போயி, காத்தாடிக்கு எடம் குடுத்தவனையும் குடுக்காதவனையும் ஒரே திண்ணையில உக்கார வச்சுக் கேட்டுப் பாரு. ஒருத்தன் சங்கீதம்பான், ஒருத்தன் சனியன்பான்.

அதனால ஒனக்கு என் மொத யோசனை, வேலைய விட்டுட்டு வாசல்ல ஒரு புரோட்டாக் கடை போடு. எண்ணி ஒரு மாசத்துல லாரிச் சத்தம் தாலாட்டாயிரும். மாட்டேங்கியா? கம்பியூட்டர் தட்டுத கை மாவு பெசையாதோ? சரி, விடு.

லாரிய நிறுத்தணும், கலெக்டருக்கு மனு எழுதுதேன்னு சொன்னியே, அதுக்கும் கணக்கச் சொல்லிருதேன். டெசிபெல் நம்ம தராசு மாதிரி இல்ல. ஒன் மனுவுக்கு மனசு எறங்கி ரோட்டுல ஓடுத வண்டியில சரிபாதிய நிறுத்திட்டான்னு வையி, 3 டெசிபெல் கொறையும். ஒனக்கு வித்தியாசமே பெருசாத் தெரியாது. பத்து வண்டிக்கு ஒம்பது வண்டிய நிறுத்தினா 10 டெசிபெல் கொறையும். அப்பத்தான் காதுக்குப் பாதியாத் தெரியும். கலெக்டரு நல்லவருதான், அதுக்காகத் தமிழ்நாட்டுல உப்பு புளி போகாண்டாமா? எல்லாரும் பேட்டரிக் காருக்கு மாறிருவானுவ, பெறவு அமைதிதான்னும் கனவு காணாத. வேகமாப் போற காருல எஞ்சினை விட டயரு ரோட்டுல உரசுத சத்தந்தான் பெருசு. நாலுவழிச் சாலையில எவன் மெதுவாப் போறான்?

சட்டம் இருக்கான்னு கேட்டா, இருக்கு, பேஷா இருக்கு. 2000ல போட்ட விதி. குடியிருக்க எடத்துல பகலுக்கு 55 டெசிபெல், ராத்திரி 10 மணிக்கு மேல காலையில 6 மணி வரைக்கும் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இதச் சுத்தி 100 மீட்டர அமைதி மண்டலம்னு சர்க்காரு அறிவிக்கலாம், அறிவிச்சா அங்க இன்னும் கொறைச்சல். மெட்ராசு, டெல்லி, பம்பாய் மாதிரி ஏழு பட்டணத்துல 2011லயே சத்தத்த அளக்க நிரந்தரமாக் கருவி வச்சாச்சு. அளக்காவ. ராத்திரி பகல்னு பாக்காம, ஒரு கொறையும் இல்லாம, அளந்துக்கிட்டே இருக்காவ.

ஆரனுக்கும் சட்டம் இருக்கு. பல ராகத்துல பாடுத ஆரன் வைக்கவே கூடாது. தேவையில்லாம அடிச்சா மோட்டார் வாகனச் சட்டப்படி மொத தடவ 1,000 ரூவா, மறுபடி மாட்டினா 2,000. ஆனா பிடிக்கணும்லா? பம்பாய் போலீசு ஒரு வெளையாட்டுக் காட்டினான். சிக்னல்ல சத்தம் 85 டெசிபெல்லத் தாண்டினா செவப்பு வெளக்கு மறுபடி மொதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சுரும். அதப் படம் பிடிச்சு 2020 சனவரியில வெளியிட்டான், ஒலகமே சிரிச்சுது. கூட அடிச்சா கூட நில்லு. காத்மாண்டுக்காரன் இன்னும் ஒரு படி மேல. 2017 ஏப்ரல்ல, அவிய வருசப் பொறப்பு அன்னைக்கு, பட்டணத்துல காரணம் இல்லாம ஆரன் அடிக்கதையே தடை பண்ணிட்டான். பட்டணத்துக்குள்ள இதெல்லாம் நடக்கும். ஒன் வீட்டு முன்னால சிக்னலு எங்க இருக்கு? அங்க லாரிக்காரன் ஆரன் அடிக்கான்னா, எதுத்தாப்புல ராங்சைடுல ஒரு மொபெட் வருதுன்னு அர்த்தம். அந்த மொபெட்டுல பாதி நேரம் நாந்தான் இருப்பேன்.

மதினி சொன்ன சைபருக்கு வாரேன். அந்தத் தாளு எங்கனயோ போயி, கூட்டிக் கழிச்சு, இந்த ஊருக்காரவ சத்தத்துக்குப் பழகிட்டாவன்னு ஒரு வரி ஆகும். பொறுமைசாலி ஊருன்னு பேரு வாங்கிட்டோம்னா அடுத்து எட்டுவழிச் சாலையும் இந்தப் பக்கமாத்தான் வரும், பாத்துக்கோ. இன்னொண்ணும் கேளு. அந்தப் பயலுவ காலனிக்குப் போகவே இல்ல. ஏம்டேன்னு கேட்டேன், "ரோட்டக் கடக்கப் பயமா இருக்கு தாத்தா"ன்னான். அங்க உள்ளவிய என்ன நம்பர் சொல்லிருப்பாவ, யாருக்குத் தெரியும்?

மதினி வாயி சைபருன்னு சொல்லிட்டு. அவ நெஞ்சு என்ன சொல்லுது? ஒறங்குத மனுசனும் சத்தம் கேட்டா முழிக்காமலே நாடி துடிப்பு ஏறும், ரத்தக் கொதிப்பு ஏறும். பழகிட்டேன்னு மனசு சொல்லும்; ஒடம்பு முழுசாப் பழகாது. நொங்கு வித்த காச அதுக்கு எண்ணத் தெரியாது. ராத்திரி ரோட்டுச் சத்தம் 45ஐத் தாண்டாம இருக்கணும், ராத்திரி பகல் எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போட்டா 53ஐத் தாண்டக் கூடாதுன்னு ஒலக சுகாதார நிறுவனம் 2018ல ஐரோப்பாவுக்கு யோசனை சொல்லுச்சு. அதுக்கு முந்தி 2011ல ஒரு கணக்கும் போட்டாவ. மேற்கு ஐரோப்பாவுல மட்டும் வண்டிச் சத்தத்தால வருசத்துக்குக் கொறஞ்சது பத்து லட்சம் வருச நல்ல ஆயுசு போவுதாம். பொறுமை இல்லாத ஊருலயே இவ்வளவு. நம்ம ஊரு கணக்க யாரு போடப் போறா? மதினி கோழியோட எந்திரிப்பா, கொதிப்புக்கு மாத்திரை போடுதா. ரோட்டாலயா புளிக்கொழம்பாலயான்னு டாக்டருக்கே தெரியாது.

சரி, நீ ஒறங்கணும், அதானே? ஒன் வீட்டுப் படத்த வரைஞ்சானே ஒரு எஞ்சினீயரு, அவனக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளு. படுக்குத ரூம முன்னால வச்சு, ஆளு ஒசரத்துக்குக் கண்ணாடியும் போட்டு, ரோட்டப் பாக்க வச்சானே, ஏம்டேன்னு. "வியூ"ன்னு சொல்லுவான். கண்டெய்னர் லாரியோட பின்கதவு என்ன வியூ? நம்ம தாத்தா வீட்டுல தெருவப் பாத்துத் தார்சா, அதுக்கு உள்ள பட்டாசல், அதுக்கும் உள்ள ரெண்டாங்கட்டு, பின்னால தொழுவம், கெணறு. தெருவுல தேரே ஓடினாலும் ரெண்டாங்கட்டுல பிள்ளை ஒறங்கும். ஸ்வீடன்காரவ இதத்தான் இப்ப ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுதாவ, வீட்டுக்கு ஒரு பக்கமாவது அமைதியா இருந்து, படுக்குத ரூமு அந்தப் பக்கம் இருந்தா எரிச்சலும் கொறையும், ஒறக்கமும் வருமாம். கட்டில இன்னைக்கே பின் ரூமுக்குத் தூக்கு. முன் ரூம மாமனாரு வந்தா படுக்க வச்சுக்கோ, சீக்கிரம் ஊருக்குப் போயிருவாரு.

மதில் கட்டுததா இருந்தா ஒசரமாக் கட்டு, ஓட்டை விடாமக் கட்டு. நீ நிக்க எடத்துல இருந்து லாரி கண்ணுக்குத் தெரிஞ்சா மதில் வேலை செய்யலன்னு அர்த்தம். அழகுக்குக் கம்பி வேலி போட்டு வச்சிருக்கியே, அது ஆட்டத்தான் தடுக்கும். வேப்பங்கன்னு வரிசையா நடப் போறேன்னியே, நடு. ஒத்த வரிசை மரம் சத்தத்த ஒண்ணும் பிடிச்சு வைக்காது. ஆனா பச்சையப் பாத்தா மனுசனுக்கு எரிச்சல் கொஞ்சம் தணியுதுன்னு அதையும் கேட்டு எழுதிட்டாவ. வெட்டினதுல ஒண்ணாவது திரும்ப வந்த மாதிரியும் ஆச்சு.

கடைசியா ஒண்ணு, கோவிக்காமக் கேளு. நம்ம அம்மன் கொடைக்கு நீதான் பொருளாளரு. மூணு நாளு குழாயி கட்டி, விடிய விடிய அடிச்சீங்க. ராத்திரி 10 மணிக்கு மேல குழாயி கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2005லயே சொல்லியாச்சு. வாத்தியாரு வந்து, கொஞ்சம் கொறைக்கப்பிடாதான்னாரு. "சார், இது சாமி காரியம், ஒங்களுக்கு எதெடுத்தாலும் கொறைதான்"ன்னு நீ அனுப்பி வச்ச. அந்த மூணு நாளும் ரோட்டுல லாரி போச்சான்னு ஒனக்கு நெனப்பு இருக்கா? அதே மாதிரி ராத்திரி பதினொண்ணு மணிக்கு புல்லட்டுல ஊருக்குள்ள வாரியே, கம்பெனி போட்டுத் தந்த சைலன்ஸர கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டி. தட்டு தட்டுன்னு அது வரும்போது வாத்தியாரு எந்திரிச்சு லைட்டப் போட்டு நோட்ட எடுக்காரு. லாரிக்கு ஒரு கோடு போடுதாரு. ஒனக்கு மட்டும் பேரு எழுதுதாரு, நான் கண்ணால பாத்தேன்.

ஒன் பழைய சைலன்ஸரு பஞ்சர் கடையில சாக்கு மூட்டைக்குப் பின்னால கெடக்கு. இன்னும் விக்கல, நான் வச்சிருக்கச் சொல்லிருக்கேன். நாளைக்குக் காலையில வண்டிய அங்கன விடு, டீ குடிக்கதுக்குள்ள மாட்டித் தந்துருவான். போலீசு பிடிச்சா கட்ட வேண்டிய அபராதத்துல அவன் கூலி போக மிச்சத்துக்கு மதினிகிட்ட நொங்கு வாங்கிட்டு வா. நல்ல எளசாப் பாத்து வாங்கு, எனக்குப் பல்லு இல்ல.